பத்தொன்பதாம் வாரத்துக் கடைசிப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு முன்னுரையாகத்தான் பிறந்தது. 'அலையடி அரசு' என்ற தொடர்கதையைப் புத்தகமாகப் போட முன்வந்த பதிப்பாளர், "வாசகர்கள் எப்படி வரவேற்றார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். எழுத உட்கார்ந்தவர் திருவேங்கடம். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா, வயது முப்பத்தெட்டு, அந்தத் தொடரின் ஆசிரியர். கேட்டபடி ஒரு பக்கம் எழுதினார். அதில் பாதி புளுகு. கிழித்துப் போட்டுவிட்டு இதை ஆரம்பித்தார்.

(திருவேங்கடம் என்பது நான்தான். 'நான்' என்று எழுதினால் என்மேல் எனக்கே இரக்கம் வந்துவிடுகிறது. 'அவர்' என்று எதிரே உட்காரவைத்தால் நாலு வார்த்தை திட்ட வசதியாக இருக்கிறது.)

முதல் தொடக்கம்: 'வாசகர்களின் அன்பு வெள்ளமெனப் பெருக்கெடுத்து' – இது அந்தப் புளுகு.

இரண்டாம் தொடக்கம்: 'மாமல்லபுரத்துக் கடலுக்கு அடியில், ஏழு வாசல்களுக்கு அப்பால்' – இது தொடரின் தொடக்கம். திருடுவதாக இருந்தாலும் சொந்த வீட்டிலேயே திருடுவதா?

மூன்றாம் தொடக்கம்: 1955ஆம் வருஷம் ஒரு தபால் கார்டு வந்தது. இது போதும். உண்மையாகவும் இருக்கிறது.

2

கார்டுக்கு முன்னால் தொடரைப் பற்றி இரண்டு வரி. மதராஸில் அச்சான சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றில் இருபத்தாறு வாரம் வந்தது. பவழா என்ற பதினைந்து வயது மீனவப் பெண் ஒரு கடலாமையின் முதுகில் ஏறிக் கடலுக்கு அடியில் போகிறாள். அங்கே உப்பரசன் என்பவன் மூழ்கிய கப்பல்களின் ஆட்களையெல்லாம் சிறையில் அடைத்து வைத்திருக்கிறான். அவர்களை மீட்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் கடைசிப் பக்கத்தில் பவழா ஏதாவது ஓர் ஆபத்தில் மாட்டிக்கொள்வாள். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத் திருவேங்கடம் படாத பாடு படுவார். பார்சல் ரசீதுகளின் முதுகில் நாலு தடவை, ஐந்து தடவை எழுதிப் பார்ப்பார்.

கடிதங்கள் வரத்தான் செய்தன. பவழா எங்கள் ஏரிக்கு எப்போது வருவாள் என்று மதுராந்தகத்திலிருந்து ஒரு வகுப்பே கையெழுத்துப் போட்டுக் கேட்டது. 'எங்கள் மலைக்கு வரும் கழுகைக் கடலில் மீன் பிடிக்க வைத்தது கண்டிக்கத்தக்கது' என்று திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதினார். சிங்கப்பெருமாள் கோயில் பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்கள் பூகோளப் பரீட்சையில் வங்காள விரிகுடாவுக்கு ஏழு வாசல் என்று எழுதிவிட்டதாக வருத்தப்பட்டிருந்தார். திருவேங்கடம் இதையெல்லாம் மனைவி கண்ணகியிடம் உரக்கப் படித்துக் காட்டி, தலை கால் புரியாமல் திரிந்தார்.

3

அந்தக் கார்டு கோவளத்திலிருந்து வந்தது. கீழே 'ஹமீது' என்று கையெழுத்து. உருண்டை உருண்டையான எழுத்து.

'ஐயா, போன வாரம் பவழா ஆமையைச் சுழலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்தாள். இந்த வாரம் ஆமை அவள் பக்கத்தில் நிற்கிறது. மறந்துவிட்டீர்களா?'

திருவேங்கடம் பழைய இதழை எடுத்துப் புரட்டினார். பவழா ஆமையை விட்டுப் போகவே இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்தடுத்து ஐந்தாறு கார்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் நடக்காத சங்கதி ஒன்று இருந்தது. அதை ஆசிரியர் மறந்துவிட்டார் என்ற புகாரும் இருந்தது. கோபம் வரவேண்டியவருக்குப் பொறாமைதான் வந்தது. நடக்காத அந்தச் சங்கதிகள் அவர் எழுதியதைவிட நன்றாக இருந்தன.*

* இந்த வரியை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

பதினேழாம் வாரம் வந்த கார்டு இது: 'பவழா சிறைச் சாவியைக் கைதிகளிடமே கொடுத்து, சாவி கொடுப்பது என் வேலை, வெளியே வருவது உங்கள் வேலை என்று சொன்னாளே. இந்த வாரம் சாவி அவள் இடுப்பிலேயே இருக்கிறதே?'

இந்த இடத்தில் ஒரு கடல் வர்ணனை வைத்திருந்தேன். 'மாலைச் சூரியன் அலைகளின் மேல்' என்று வரை எழுதினேன். நடக்கப் போகிற திருட்டை மறைக்கத்தான் அது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

திருவேங்கடம் அந்த வசனத்தை எடுத்தார். ஒரு எழுத்து மாற்றாமல் பத்தொன்பதாம் வாரத்துக் கடைசிப் பக்கத்தில் வைத்தார். கீழே வழக்கம்போலத் தம் பெயர்.

நாற்பத்தாறு கடிதங்கள் வந்தன. பத்திரிகை ஆசிரியர் தம் கைப்படப் பாராட்டினார். கண்ணகி மட்டும் படித்துவிட்டு, "இது உங்க எழுத்து மாதிரி இல்லியே" என்றாள். "எழுத எழுதத்தான் வரும்" என்று அவர் மழுப்பினார்.

அதன் பிறகு கோவளத்திலிருந்து கார்டு வரவில்லை.

4

ஐந்து வாரம் பொறுத்துப் பார்த்தார். தொடரை முடிக்க இன்னும் இரண்டே வாரம். பவழாவுக்கும் கடல் இளவரசனுக்கும் கல்யாணம் செய்து வைத்து முடிக்கும்படி பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். திருவேங்கடத்துக்கு மனம் ஒப்பவில்லை. வேறு முடிவும் தோன்றவில்லை. லீவு போட்டுவிட்டு பஸ், மாட்டு வண்டி, ஓடம் என்று மாறி மாறிக் கோவளம் போய்ச் சேர்ந்தார்.

ஹமீதுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கருவாட்டு வியாபாரி. கதையா, கார்டா என்று விழித்தவர், பிறகு சிரித்தார்.

"அது என் தங்கச்சி ஷஹர்பானு சார். பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடத்த வுட்டு ரெண்டு வருசமாச்சு. என் பேர்ல எழுதி என் கையிலயே குடுப்பா. நான் இன்னான்னு பாக்காம பெட்டில போட்டுட்டு வந்துகினு இருப்பேன்."

உள்ளறை வாசலில் திரை. அதன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாங்க சார். அண்ணே, அந்தப் புஸ்தகத்தை சாருக்குக் குடு."

தொடரின் பக்கங்களை ஊசிநூலால் தைத்து வைத்திருந்தாள். திருவேங்கடம் புரட்டினார். முதல் வாரம், கடைசிப் பக்கம் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. புரட்டிப் பார்த்த வரையில் எந்த வாரத்திலும் இல்லை. அத்தியாயம் ஒவ்வொன்றும் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது.

விஷயம் இதுதான். பத்திரிகை வாங்குகிறவள் பக்கத்து வீட்டு சைதூன் மாமி. அவளுக்குக் கதை வேண்டாம். சிறுமிகளுக்கென்று போடும் பூத்தையல் படம்தான் வேண்டும். அந்தப் படம் பவழாவின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கம் அச்சாகும். மாமி அந்தப் பக்கத்தையே கத்தரித்துக்கொண்டு மிச்சத்தை ஷஹர்பானுவுக்குக் கொடுப்பாள். திருவேங்கடம் உயிரைக் கொடுத்து எழுதிய ஆபத்துகளெல்லாம் மாமி வீட்டுத் தலையணை உறைகளில் ரோஜாப்பூவாகியிருந்தன.

"பக்கம் இல்லைன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"மொதல்ல தெரியாது சார். வாரா வாரம் நீங்களே பாதியில நிறுத்திடுறீங்க, மிச்சத்த படிக்கிறவங்கதான் நெனச்சுக்கணும்னு நெனச்சுக்கினேன். நல்லா கீதேன்னு தோணிச்சு. அடுத்த வாரம் நான் நெனச்சது இல்லாங்காட்டி, நீங்க மறந்துட்டீங்கன்னு எழுதுவேன்."

"அப்புறம் ஏன் எழுதல?"



"பத்தொம்போதாம் வாரம் மாமி மக வூட்டுக்குப் போயிருந்தாங்க. புஸ்தகம் வெட்டாம வந்துச்சு. மொதமொதலா கடைசிப் பக்கத்தப் படிச்சேன் சார். அதுல நான் எழுதினது இருந்துச்சு. கீழ உங்க பேரு இருந்துச்சு."

திருவேங்கடத்துக்குக் காது சுட்டது. வெட்கத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"எடுத்துக்கினது பேஜாரு இல்ல சார். கோவளத்துல ஒருத்தி சொன்னான்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல?"

5

இப்போது இந்தப் பெண்மேல் எனக்கு ஒரு சந்தேகம். பதினைந்து வயதில் இப்படிப் பேசுவாளா? நான் மெருகேற்றுகிறேனா? யோசித்துப் பார்த்தேன். இல்லை. மெருகேற்றும் திறமை எனக்கு இருந்திருந்தால் திருட வேண்டி வந்திருக்காது.

திருவேங்கடம் கேட்டார்: "கடைசி அத்தியாயத்த நீ எழுதித் தர்றியா?"

"என் பேரு வருமா?"

ஹமீது குறுக்கிட்டார். "ஊரு வாயி சும்மா இருக்காது சார். பொம்பளப் புள்ள பேரு அச்சுல வந்தா இன்னா பேசுவானுங்கோ தெரியுமா?"

"பவழா பேரு வருதேண்ணே."

"அது கதை."

"நான் எழுதினதும் கதைதானே?"

ஹமீது திருவேங்கடத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்தும் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு 'வரும்' சொல்லியிருக்கலாம். "பத்திரிகை ஆசிரியரைக் கேக்கணும்" என்றார் அந்தக் கோழை.

"அப்ப நீங்களே எழுதிக்கங்க சார்" என்றாள் ஷஹர்பானு. ஹமீது டீ வரவழைத்தார். குடித்துவிட்டுத் திருவேங்கடம் கிளம்பினார்.

6

முடிவு ஒன்று: திருவேங்கடம் மதராஸுக்கே போய்ச் சண்டை போட்டு, ஷஹர்பானு என்ற பெயரைக் கொட்டை எழுத்தில் – நடக்கவில்லை. அடித்துவிடுகிறேன்.

முடிவு இரண்டு: அவர் கல்யாணத்தை எழுதினார். பவழா மாலை மாற்றிக்கொண்டாள். ஆமைகூட வந்து வாழ்த்தியது. நூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டையும் பிரித்து உருண்டை எழுத்தைத் தேடினார். இல்லை. இது நடந்தது.

மூன்றாவது, இந்த வருஷம், 1958இல். பதிப்பாளர் முன்னுரை கேட்டதும், இதுவரை நீங்கள் படித்த ஐந்து பகுதிகளையும் பிரதியெடுத்து, 'அச்சிடலாமா?' என்று ஒரே ஒரு வரி சேர்த்து, ஹமீதுக்கு அனுப்பினார். எட்டாம் நாள் கார்டு வந்தது. அதே உருண்டை எழுத்து. கீழே போட்ட கையெழுத்து மட்டும் வேறு.

'ஐயா, அச்சிடலாம். என் பெயரையும் போடலாம். அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் இந்தக் கார்டை அவரே வாங்கிவந்து கொடுத்தார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் என் வரிக்குக் கீழே என் பெயர் வேண்டும். கடைசி அத்தியாயத்துக் கல்யாணத்தை எடுத்துவிடுங்கள். பவழாவின் முடிவை நான் அப்போதே எழுதிவிட்டேன். அனுப்பமாட்டேன். அது என்னிடமே இருக்கட்டும். – ஷஹர்பானு.'

பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். முடிவில்லாத புத்தகத்தை எவன் வாங்குவான் என்றார். அப்படியானால் புத்தகமே வேண்டாம் என்றார் திருவேங்கடம். அந்த ஒரு இடத்தில் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அதனால் இனி 'நான்' என்றே சொல்லிக்கொள்கிறேன். பதிப்பாளர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஆகவே, உங்கள் கையிலிருக்கும் புத்தகம் இருபத்தைந்தாம் அத்தியாயத்தில், பவழா ஏழாம் வாசலைத் தள்ளும்போது, பாதி வாக்கியத்தில் நிற்கும். அச்சுப் பிழை என்று யாரும் எழுத வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரிந்தவள் கோவளத்தில் இருக்கிறாள், சொல்லமாட்டாள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். என் பெயரைப் போடாதீர்கள்.