தஸ்தகீர் பாய் வைத்த கும்மட்டம்

கச்சிராயபாளையம் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டில், எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கல் பள்ளிவாசல் இருக்கிறது. நான் சொன்னால்தான் அது பள்ளிவாசல் என்று உங்களுக்குத் தெரியும். கிழக்கே பார்த்த வாசல், பன்னிரண்டு கல்தூண், தூண் தலையெல்லாம் தாமரை மொட்டு, மேலே தட்டைக் கூரை. கோயில் கட்டின கைதான் அந்தக் காலத்தில் இதையும் கட்டியிருக்கிறது. சாமியை மட்டும் செதுக்காமல் விட்டிருக்கிறது.

தொழ ஒரே ஆள், தஸ்தகீர் பாய். மற்றக் குடும்பங்கள் கள்ளக்குறிச்சி, சென்னை என்று போய்விட்டன. சம்சாரமும் தவறிவிட்டது. பதினோரு வருடமாக அவரே பாங்கு சொல்லி, அவரே கேட்டு, அவரே தொழுது, அவரே பூட்டுகிறார். எனக்கெதற்கு ஊர்வம்பு? எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கரியாலூர் அருவிக்குப் போகிற கார்களில் தொப்பி போட்டவர்களும் உண்டு. ஒன்றும் நிற்காது.

"ஏதோ மண்டபம்னு நெனச்சிக்கினு போய்டறாங்க. மேல ஒரு கும்மட்டம் இருந்தா தெரியும். பக்கத்துல ஒரு ஆளு நின்னு தொழுதா போதும்ங்க" என்றார் பாய்.

ஆசை பெரிதில்லை. ஆனால் அதற்கு அவர் பிடித்து வந்த கொத்தனார் வீரமணி. ரிஷிவந்தியம் பக்கம் அம்மன் கோயில்களாகக் கட்டித் தள்ளியவன். கும்மட்டத்தை அவன் பார்த்தது பிரியாணிக் கடை போர்டில்.

பத்து நாள் சாக்கு கட்டி மறைத்து வேலை செய்தான். அவிழ்த்ததும் தெருவே வந்து நின்றது. உருண்டை சரிதான். அடியில் சுற்றிலும் தாமரை இதழ், உச்சியில் கலசம்.

"இன்னாப்பா இது?"

"தாமர இல்லாம உருண்ட எப்டி பாய் ஒக்காரும்? மொட்டையா வுட்டா ஊருக்கு ஆவாதுங்க."

"பிறை?"

"கலசத்துக்கு மேல பாருங்க."

இருந்தது. சிவன் தலையில் இருக்கிற மாதிரியே.

"இடிக்கச் சொல்லுங்க பாய்" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பாய் உள்ளே தூண்களைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"உள்ள இருக்கறதுதான மேலயும் இருக்குது. வுடுங்க."

இப்போது கார்கள் நிற்கின்றன, எல்லாம் தப்பான கார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றுகிறார்கள், விபூதி கேட்கிறார்கள். பாய் விஷயத்தைச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார். தொப்பிக் கார்கள் முன்னைவிட வேகமாகப் போகின்றன.

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கடலூராம், விசாரித்தேன். பாய் தொழுதுகொண்டிருந்தார். பூசை நடக்கிறது என்று நினைத்து, இருவரும் வலப்பக்கத் தூணடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் காயும் மிளகாயை அள்ளத்தான் வந்தேன். கால் அங்கே போய்விட்டது.

தொழுது முடிக்கும்போது வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொல்ல வேண்டும், பிறகு இடப்பக்கம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு. இத்தனை வருடம் பாய் தூணுக்குத்தான் சொல்லியிருக்கிறார். அன்றும் வலப்பக்கம் திரும்பினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்..."

அந்த மனிதர் பதறி எழுந்து கைகூப்பினார்.

"வணக்கம்ங்க."

பாயின் முகம் அங்கேயே நின்றுவிட்டது.

"வாங்க, அருவிய மூடிடுவாங்க" என்று அந்த அம்மாள் கணவரை இழுத்துக்கொண்டு போனாள். கார் கிளம்பி வளைவில் மறைந்த பிறகுதான் பாய் இடப்பக்கம் திரும்பினார். தூண் இருந்தது. அதற்கும் ஸலாம் சொன்னார்.