செருப்புக்குக் கூட்டியது

அக்கா காரைக் கிளப்பிக்கொண்டு சோதனைப் பாதையின் மறுகோடிக்குப் போன பிறகுதான் அவள் கையிலிருந்த கால் அளவுத் தாளைப் புரட்டினாள். ஒரு வரியில் விரலை வைத்து, மறுபடியும் கூட்டிப் பார்த்தாள்.

கார் கம்பெனிக்காக ஆட்களின் உடம்பை அளந்து கொடுப்பது அவள் வேலை. ஆபீசில் அவளுக்குப் பெயரே இஞ்ச் டேப். நானூறு பெண்களை உட்காரவைத்து அவள் எடுத்த கால் அளவை வைத்துத்தான் சீட்டும் பிரேக்கும் எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். வெறுங்காலில் அளந்து, செருப்புக்கென்று இரண்டரை சென்டிமீட்டர் கூட்டி எழுதுவாள். பழகிய கை. இந்தமுறை கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு அதையே கூட்டித் தொலைத்திருக்கிறது. பிரேக் ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிப் போய்விட்டது. நெட்டைக்காரிகளுக்கு என்ன வந்தது? குட்டையானவளுக்குத்தான் ஆபத்து. ஓட்டிப் பார்க்க அப்படி ஒருத்தி வேண்டுமென்று மேனேஜர் அலைந்தபோது, எங்கள் வீட்டிலேயே இருக்கிறாளே என்று பெருமையாக அக்காவைக் கூட்டிவந்தவளும் இவள்தான்.

காலையில் அக்கா சீட்டை முன்னால் தள்ள முடிந்தவரை தள்ளிவிட்டு, பிரேக்குக்கு நுனிக்கால்தான் எட்டுகிறது என்றாள். நீ குள்ளச்சி, அப்படித்தான் இருக்கும் என்று இவள் சிரித்தாள். சிரித்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

சொன்னால் வேலை போய்விடும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பேசாமல் நின்றாள். அதற்குள் கார் திரும்பி, இவளும் மேனேஜரும் நின்ற இடத்தை நோக்கி வேகம் எடுத்துவிட்டது. வெள்ளைக் கோடு வந்ததும் அக்கா பிரேக்கை ஓங்கி மிதிக்கவேண்டும்; அதுதான் சோதனை. கோட்டுக்கு அப்பால் பழைய டயர்களை அடுக்கிய சுவர்.

"சார், அக்காவுக்கு பிரேக் முழுசா எட்டாது. செருப்ப ரெண்டு தடவ கூட்டிட்டோம். தப்பு என்னோடது."

மேனேஜர் முகம் வெளிறிப் போனது. வாக்கி டாக்கியை எடுத்து, நிறுத்து என்று சொல்லப் போனார். நிறுத்து என்றால் அவள் எதை மிதிப்பாள்? இவள் அதைப் பிடுங்கினாள்.

"அக்கா, பிரேக்க நம்பாத. ஆக்சிலேட்டர்லேருந்து கால எடு. ஹேண்ட் பிரேக்கக் கொஞ்சங் கொஞ்சமா இழு."

காருக்குள் பொருத்திய மைக் வழியாக மூச்சிரைப்போடு அக்கா பேசினாள்.

"கால எடுத்துட்டேன்டி. ஸ்டியரிங்க விடப் பயமாருக்கு."

"ஒரு கைதான்க்கா. ஒரே ஒரு கை."

இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. கார் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. கண்ணாடிக்குப் பின்னால், ஸ்டியரிங்குக்கு மேலே அக்காவின் நெற்றியும் கண்களும் தெரிந்தன. ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஒரு கை மெல்லக் கீழே, ஹேண்ட் பிரேக்கை நோக்கி இறங்கியது.