எர்மெக்கின் நூறு கிலோ

தப்பு எர்மெக்குடையதுதான். பளு தூக்கும் கம்பியின் முனைகளில், தட்டுகள் நழுவாமல் பிடிக்கும் பூட்டை மாட்டாமல் பலகையில் படுத்துவிட்டான். பாதி தூரம் ஏறிய கம்பி இடப்பக்கம் சாய, அந்தப் பக்கத்து இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. பாரம் போன குஷியில் கம்பி மறுபக்கம் குட்டிக்கரணம் அடித்து, கூட்டாளி தாலாயின் தேநீர்க் கெட்டிலைச் சப்பையாக்கிவிட்டு ஓய்ந்தது.

கராகோல் நகரில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறை, இருபது வருஷத்தில் மாறவேயில்லை. அதே வெந்நீர்க் குழாய்கள், அதே வியர்வை வாசனை. மாறியது எர்மெக்கின் தொப்பை மட்டும்.

இங்கேதான் இளவட்டத்தில் நூறு கிலோவை நெஞ்சிலிருந்து தூக்கினான். அன்றும் தலைமாட்டில் துணைக்கு நின்றவன் இதே தாலாய்தான். பையன் தூக்கிவிடுவான் என்று அப்பா காலையிலேயே ஆட்டை அறுத்துவிட்டார். தெருவே வந்து சாப்பிட்டது. சாகும்வரை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்த நூறைத்தான் சொன்னார். எர்மெக்குக்கும் பெருமையடிக்க வேறு சொத்து கிடையாது. ஆனால் அன்று தூக்கும்போது எடுத்த புகைப்படத்தில், தன் முகத்தைவிடத் தாலாயின் முகம்தான் அதிகமாகச் சிவந்திருந்தது. அதைக் கவனித்த நாளிலிருந்து தூக்கம் கெட்டது.

"டேய், அன்னிக்கு நீ கம்பியத் தொட்டியா?"

"முதல்ல என் கெட்டிலுக்கு பதில் சொல்லு," என்றான் தாலாய். "நெஞ்சை மட்டும் வளர்த்து வச்சிருக்கே. முதுகு எங்கடா? கையோட பின்பக்கத் தசை எங்க? முன்னாடி சோபா, பின்னாடி வெறும் பலகை. அப்புறம் கம்பி சாயாம என்ன பண்ணும்? இந்தக் குளிர்காலம் பூரா நான் சொல்றதைச் செய்."

செய்தான். குனிந்து நின்று கம்பியை வயிற்றுக்கு இழுத்தான். குழாயில் தொங்கி ஏறினான். குழாய் சுட்டதால் சோம்பலுக்கு வழியில்லை. கைகளை நெருக்கிப் பிடித்துத் தள்ளியதில் மேல்கையின் பின்தசை கடுத்து, தன் தலையைத் தானே சீவ முடியாமல் பெண்டாட்டியிடம் சீப்பைக் கொடுத்தான்.

"தொட்டியா, இல்லையா?"

"கறி நல்லா வெந்திருந்துச்சுல்ல அன்னிக்கு?"

"நான் அதைக் கேக்கல."

"பெரிய விருந்தாளிக்குத் தர்ற வால் கொழுப்பை எனக்குன்னு எடுத்து வச்சாரு உங்கப்பா. அப்படி ஒரு மனுஷன்."

எர்மெக் மறுபடி குழாயில் தொங்கினான்.

பனி உருகத் தொடங்கியபோது கம்பியில் தொண்ணூறு கிலோ ஏற்றினார்கள். எர்மெக் தோள்பட்டைகளை இறுக்கி முதுகைப் பலகையில் பதித்தான். தாலாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கம்பி மெதுவாக, ஒரு பக்கமும் சாயாமல் ஏறியது.

எர்மெக் எழுந்து உட்கார்ந்தான். "இப்பவாவது சொல்லுடா. அப்பாவும் இல்ல, நீ யாருக்காக மறைக்கிறே?"

தாலாய் தட்டுகளைக் கழற்றுவதை நிறுத்தினான்.

"பாதி நான்தான்டா தூக்கினேன். உங்கப்பா வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்தாரு. அந்த வால் கொழுப்பு எதுக்குன்னு நெனச்சே?"