நூற்றுக்கு எழுபத்திரண்டு

மெஷின் நாற்பத்தோராயிரம் என்று காட்டியது. வெனிலா ரத்தமிருந்த குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்கி மறுபடி வைத்தாள். நாற்பத்திரண்டாயிரம். வெள்ளணு பதினோராயிரத்தைத் தாண்டினாலே டாக்டர்கள் யோசிப்பார்கள். திண்டிவனத்து லேபுக்கு அவள் வந்து ஒன்பது வருடமாகிறது. இப்படியொரு எண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், போன ஆடியில், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் ரத்தத்தில். ரிப்போர்ட் உறையை வாங்கிக்கொண்ட அவளுடைய அப்பா, "நார்மல்தானேம்மா?" என்று கேட்டார். டாக்டரிடம் காட்டச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண் தீபாவளிக்கு இல்லை.

இந்தக் குழாயில் இருந்த பெயர் வளன். அவள் கணவன். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். இரண்டு மாதமாக விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து இருமுகிறான். தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தவனை இன்றுதான் வம்படியாக இழுத்து வந்திருந்தாள்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்துக் காயவைத்துச் சாயம் ஊற்றினாள். எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளிப் பெஞ்சில் அவன் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா வெனிலா, இன்னும் ஆவலியா? லோடு நிக்குது."

"இருங்க. வர்றேன்."

தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தபின் சற்று நேரம் குனியவில்லை. மாதாவே என்று முனகிவிட்டுக் குனிந்தாள். அந்தப் பெண்ணின் ரத்தத்தில் பார்த்த பெரிய, முதிராத புற்று அணுக்கள் இதில் இல்லை. இரண்டாகப் பிளந்த உட்கருவும் ஆரஞ்சு மணிகளுமாக, பார்த்த இடமெல்லாம் இயோசினோபில். நூறு வெள்ளணுவில் ஐந்தாறு இருக்க வேண்டியது எழுபத்திரண்டு இருந்தது. மூன்று முறை எண்ணினாள். எண்ணிக்கை மாறவில்லை.

டாக்டர் பிரபாவதி தகட்டைத் தானே பார்த்தார். வளனின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"கேன்சர் மாதிரி தெரியல. யானைக்கால் புழு உள்ள இருந்தாலும் இப்படி இருமல் வரும். அதைக் கொல்லத்தான் இந்த அணு பெருகுது. ரொம்பப் பெருகினா நுரையீரலையும் இதயத்தையும் கெடுத்துடும். விழுப்புரம் போய் எக்கோ எடுங்க. மூணு வாரம் மாத்திரை. அப்பவும் குறையலன்னா எலும்பு மஜ்ஜை எடுத்துப் பாக்கணும்."

வளன் தன் கால்களைப் பார்த்தான். பிறகு வெனிலாவிடம் திரும்பினான். "வருசா வருசம் வூட்டாண்ட வந்து யானைக்கால் மாத்திர குடுத்தாங்களே. முழுங்கிட்டேன்னு உன்கிட்ட பொய்தான் சொன்னேன். எல்லாத்தையும் கொல்லையில வீசிட்டேன்."

டாக்டர் எழுதிய சீட்டை அவனிடம் விடாமல் அவளே வாங்கிப் பையில் வைத்தாள்.

விழுப்புரத்தில் மறுநாள் எக்கோ எடுத்தார்கள். அவன் நெஞ்சின் மேல் கருவியை நகர்த்திய டாக்டர் ஓரிடத்தில் நிறுத்தி, திரும்பவும் அங்கேயே அளந்தார். திரையில் வால்வு திறந்து மூடியது. வெனிலா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போதைக்கு இதயம் நல்லாருக்கு," என்றார் அவர்.

இப்போதைக்கு. படியிறங்கும்போது அந்த வார்த்தை மட்டும் கூடவே வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, முதல் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். திண்டிவனம் வண்டி கிளம்ப ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

"இன்னா அப்டி பாத்துக்கினே நிக்கிற?"

"முழுங்குங்க."

அவன் அண்ணாந்து தண்ணீரை ஊற்றினான். தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. பிறகு, வாய்க்குள் ஒன்றுமில்லை என்று காட்டப் பெரிதாக வாயைத் திறந்தான். திறந்த வாயிலேயே இருமல் வந்தது.