அக்காவுக்குப் பயம் வரவேண்டும்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவை எலிகள். அக்கா ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு மருந்து கொடுப்பவள். எந்த மருந்துக்கு, மூளையில் பயத்தைக் கிளப்பிவிடும் ஹார்மோன் எவ்வளவு குறைகிறது என்று அளப்பது அவள் வேலை. நானோ வாரப் பத்திரிகையில் திகில் தொடர் எழுதிப் பிழைக்கிறவன். (அவள் பயத்தைக் குறைக்கிறாள், நான் ஏற்றுகிறேன். அம்மா இரண்டையும் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை.)

முதல் வரி: 'கூண்டுக்குள் ஏதோ அலறிய

அடித்துவிட்டேன். எதுவும் அலறவில்லை. அதுதான் சங்கதி.

2

மருந்து பெற்ற எலிகள் பூனை வாடைக்கு அசையவில்லை. சரி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்புநீர் பெற்ற எலிகளும் அசையவில்லை. கூண்டைத் திறந்ததும் வரிசையாக வந்து, தலையைச் சாய்த்து அக்காவைப் பார்த்துவிட்டு, அவள் விரல்களை நக்கின.

"கையுறை எங்கக்கா?"

"போட்டா மிரளுதுங்கடா. வெறுங்கையாலதான் தூக்குவேன்."

"கையில என்ன பளபளன்னு?"

"அரிப்புக்குக் களிம்பு. கூடவே மாத்திரையும். ரெண்டும் ஸ்டீராய்டு, உள்ள போனா அந்தப் பய ஹார்மோனையே அமுக்கி..."

பாதியில் நிறுத்தினாள். கூண்டைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். "அட, நான்தான் இதுங்களைக் கெடுத்திருக்கேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரலில் ஒட்டியிருந்ததே எலிக்கு இந்தப் பாடு என்றால், மாத்திரையும் விழுங்குகிறவளுக்கு?

3

(இங்கே ஒரு பேயை நுழைத்துப் பார்த்தேன். "கதவைச் சாத்து, கொசு வருது" என்று அதனிடம் சொல்லிவிட்டாள். இப்படி ஒரு நாயகியை வைத்துக்கொண்டு எவன் திகில் கதை எழுதுவான்?)

இப்போதெல்லாம் இருபுறமும் பார்க்காமல் சாலையைக் கடக்கிறாள். நேற்று மத்தியானம் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் மேல் நடந்துகொண்டே துணி காயப்போட்டாள்.

"இறங்குக்கா. டாக்டரைப் பார்த்து மாத்திரையை நிறுத்திடலாம்."

"திடீர்னு நிறுத்தக் கூடாதுடா. படிப்படியாத்தான் குறைக்கணும்."

"சரி, குறைக்கலாம் வா."

"எதுக்கு? எனக்குத்தான் பயமா இல்லையே."

தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். உப்புநீர் எலிகள் அவளைப் பார்த்த அதே பார்வை.

4

முடிவு அ: அவளாகவே இறங்கி டாக்டரிடம் போகிறாள். (அடித்தாகிவிட்டது. பயமில்லாதவளுக்கு டாக்டர் எதற்கு?)

முடிவு ஆ: நான் திருட்டுத்தனமாக மாத்திரையை மாற்றிவைக்கிறேன். பயம் திரும்பி வருகிறது. எப்போது? சுவரின் நடுவில், ஒரு காலை எடுத்துவைக்கும்போது.

முடிவு இ: அவள்

மேலே சுவரில் கொலுசுச் சத்தம் கேட்கிறது. நான் போகிறேன், மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். இத்தனை வருடம் ஊரையே பயமுறுத்தியவனால் சொந்த அக்காவை முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததிலேயே பயங்கரமானது எதுவோ, அதை அவளிடம் சொல்லுங்கள்.

முதலில் தரையில் இறக்கிவிட்டு.