இடது இறக்கை

"வாய்க்கரிசி போடுறவங்க வந்துடுங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்ததும் பூவிழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அம்மா பொன்னாயி நீட்டிய தட்டிலிருந்து அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டில் வைத்தாள். குளிப்பாட்டிய ஈரத்தில் அது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தலைமாட்டில் நின்ற அண்ணன் கலைச்செல்வன் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நேத்து கூப்பிட்டதுமே வந்திருந்தீன்னா தண்ணியா ஊத்தியிருக்கலாம்."

அவள் நிமிரவில்லை. பாடையைத் தூக்கினார்கள். வாலிகண்டபுரத்துத் தெருமுனையில் மேளச்சத்தம் திரும்பி மறைந்த பிறகும் வாசலிலேயே நின்றாள்.

அப்பா ராசாங்கம் முப்பது வருடம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "எம்மவ ப்ளேனுக்கு வைத்தியம் பாக்குறா" என்பார். கடைசியாகப் படுத்திருந்த அரியலூர் ஆஸ்பத்திரியின் நர்ஸிடமும் அதையே சொன்னாராம்.

நேற்று பதினோரு மணிக்குத்தான் அண்ணன் போன் செய்தான். "அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. ஒடனே கெளம்பு."

அப்போது அவள் விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில், இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய விமானத்துக்கு அடியில் படுத்திருந்தாள். நாற்பத்தைந்து வயது விமானம். இவ்வளவு பழையவற்றில் இறக்கையைத் தாங்கும் உட்சட்டத்தின் போல்ட் துளைகளை எல்லாம் சோதிக்க வேண்டும், விரிசல் இருந்தால் சட்டத்தை மாற்றாமல் பறக்கவிடக் கூடாது என்று தயாரித்த கம்பெனி உத்தரவு போட்டிருந்தது. வலது இறக்கையில் குறை ஒன்றும் இல்லை. இடதில் ஆறு துளைகள் பாக்கி.

விஷயம் தெரிந்து மேனேஜர் வந்தார். "வலதுல ஒண்ணும் இல்லையே மேடம், இடதும் அப்படித்தான் இருக்கும். கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க. அப்பாதான முக்கியம்."

கையெழுத்துப் போடாமலும் கிளம்பலாம். ஆனால் போன வருடம் இப்படி ஒருவர் லீவில் போனபோது, வெளியிலிருந்து ஆள் கூட்டிவந்து, பிரித்தே பார்க்காத இன்ஜினுக்கு அரை மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இரண்டு மணி நேர வேலைதான், அப்பா தாங்குவார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது துளையில் வைத்தபோது விரிசல் காட்டும் கருவியின் திரையில் கோடு எகிறியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் எகிறியது. படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி, விமானம் பறக்கக் கூடாது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் பஸ் ஏறும்போது மணி இரண்டு. துறையூர் தாண்டும்போது அண்ணன் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை அவன் பேசவில்லை. அழுதான்.

மதியம், காட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்த பூவிழிக்கு மேனேஜரிடமிருந்து போன்.

"இந்த நேரத்துல கூப்பிடக் கூடாதுதான் மேடம். கீறல் சின்னதுதான? ரிப்போர்ட்ட மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா மத்தத நான் பாத்துக்குறேன்."

"எறக்கைச் சட்டத்த மாத்துங்க சார். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

"அப்படின்னா நாங்க வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும்."

"பாத்துக்கங்க. படம் கம்பெனிக்குப் போயிருச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடி அண்ணன் நின்றிருந்தான்.

"நேத்து அந்த வேலைதானா?"

"ஆமாண்ணே. எறக்கைக்குள்ள ஒரு கீறல்."

"எவ்ளோ பெரிய கீறல்?"

"நகத்தளவுகூட இருக்காது."

"அதுல யாரு போயிருப்பா?"

"பத்தொம்பது வயசுப் பொண்ணு. இன்னைக்குத்தான் மொதோ மொதல்ல தனியா ஓட்டறதா இருந்துச்சு."

வேட்டியிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா என்னையக் கேட்டாரா?"

"ரெண்டு தடவ கேட்டாரு. பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

"எத்தன மணிக்கு?"

"ஒரு மணி இருக்கும்."

பூவிழி தலையாட்டினாள். ஒரு மணிக்கு எங்கே இருந்தாள் என்று அவன் கேட்கவில்லை.

வேட்டியை ஒற்றை ஆளாகப் பிழியப் பார்த்தான். அது நழுவி மண்ணில் புரண்டது. அவள் எழுந்து போய் மறுமுனையை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டுப் பிடித்தாள். அவன் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமுமாக முறுக்கினார்கள். நடுவில் தண்ணீர் விழுந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள்.