அக்காவின் முழு டப்பா

வாய்க்குள் தோல் என்று எதுவும் மிச்சமில்லை. ஒரு மிடறு தண்ணீர் இறங்கினாலும் மிளகாயைத் தேய்த்ததுபோல் எரிந்தது. இறங்கியதும் நிற்காமல் பின்பக்கம் ஓடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சின்னவனுக்கு இருந்த ஒரே வேலை, பெட்பேன் கேட்டுக் கையைத் தூக்குவது.

குடலில் கட்டி. அறுத்து எடுத்த பிறகு கீமோ மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே வாய் வெடித்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் மூட்டை தூக்கும் சிமெண்டு கிடங்கில், பலகைமேல் ஏறியவன் பாதி வழியில் மூட்டையை இறக்க மாட்டான். இறக்கினால் பின்னால் வருகிறவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். மாத்திரையையும் அப்படியே கடைசிவரை தூக்கிக்கொண்டு போனான். விழுந்தது கக்கூஸ் வாசலில்.

அக்காவும் அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். அவளுக்கும் அதே இடத்தில் கட்டி, அதே மாத்திரை, இன்றுதான் தொடக்கம். வேலை நடுவே அட்டையைக் கிழித்துக்கொண்டிருக்க முடியாது என்று எல்லாவற்றையும் உரித்து ஒரே டப்பாவில் கொட்டி எடுத்து வந்திருந்தாள்.

“மாத்திரையத் தூக்க முடியாம விழுந்த ஆம்பளைய இப்பத்தான்டா பாக்குறேன்.”

டாக்டரம்மா வந்தார். “அவர் மேல தப்பில்லம்மா. ஈரல்ல என்சைம்னு ஒண்ணு இருக்கு, இந்த மருந்த உடைச்சு வெளியேத்துறது அதுதான். இவருக்குப் பொறப்புலயே ஒரு ஜீன் மாறியிருக்கு, அது பாதிதான் வேலை செய்யுது. மத்தவங்களுக்குக் குடுக்குற அளவு இவருக்கு விஷம். முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருக்கணும், நாங்க பண்ணல. கூடப் பொறந்த உங்களுக்கும் இருக்கலாம். ரத்தம் குடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் மாத்திரையத் தொடாதீங்க.”

“இருந்தா?”

“பாதி அளவுல ஆரம்பிப்போம்.”

“அரை மூட்டை தூக்குறவளுன்னு பேரெடுக்கவா?”

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அக்கா டப்பாவின் மூடியைத் திருகினாள். “நீ அப்பன் ஜாடை, நோஞ்சான். நான் அம்மா மாதிரி.”

“வேணாங்க்கா. செத்துருவ.”

“வாய மூடு, புண்ணுல காத்துப் படும்.”

சின்னவன் டப்பாவைப் பிடுங்கினான். போர்வையை விலக்கி, சற்றுமுன் நிரப்பியிருந்த பெட்பேனில் அத்தனையையும் கவிழ்த்தான்.

“இப்ப எடுத்துத் தின்னு, பாக்கலாம்.”

விட்டாள் ஒரு அறை. நர்ஸ் ஓடி வந்து, பெட்பேனைப் பார்த்து, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் நின்றாள். ரத்தம் கொடுக்காமல் வேறு மாத்திரை எழுத மாட்டேன் என்று டாக்டரம்மா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். தம்பியைக் காது கூசத் திட்டிக்கொண்டே அக்கா கையை நீட்டினாள்.

ரிசல்ட்டில் அவளுக்கும் அதே ஜீன் கோளாறு. பாதி அளவில் முதல் சுற்றை முடித்தாள். வாயில் இரண்டு புண், அவ்வளவுதான்.

நன்றி கின்றி எதுவும் அந்த வாயிலிருந்து வரவில்லை. பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. “டாக்டரு பாதின்னு சொல்லலாம்டா. நீ கவுத்தது முழுசு, முழுசாத் திருப்பிக் குடு.”

அந்த ஒரு டப்பா மாத்திரை, சின்னவன் அக்காவுக்கு இன்னும் பாக்கி.